கொம்பையாவின் பங்கு

ஒரு காலேஜ் டீமிடம் ஏழு கோல் வாங்கினோம். பயிற்சி ஆட்டம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்தக் காலேஜ் பையன்கள் எங்கள் ஆட்களிடம் வந்து, "உடம்பு சரியில்லையாண்ணே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டி கரிசல் ஹாக்கி அணிக்குப் பிசியோ. கால் பிசகினால் உருவுவது, ஐஸ் வைப்பது, டேப் சுற்றுவது எல்லாம் நான்தான். பையன்களின் பிடரியில் தோலுக்கடியில் வைத்திருக்கும் பட்டையைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அந்தப் பட்டையைப் பற்றி இதோ சொல்கிறேன், விவகாரமே அதில்தான்.

போன வருஷம் லீக்கில் மூன்றாவது இடம். இந்த வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே டி.வி.க்காரர்கள் எங்களுக்கு எட்டாவது இடம் கொடுத்துவிட்டார்கள். அணிகளே எட்டுதான், இல்லாவிட்டால் இன்னும் கீழே தள்ளியிருப்பார்கள். அதே பையன்கள், அதே பயிற்சி மாஸ்டர், அதே டர்ஃப். மாறியது ஒன்றே ஒன்று. எங்கள் கோல்கீப்பர் கொம்பையா ஓய்வு பெற்று, அவன் இடத்தில் ரிச்சர்ட் வந்திருந்தான். "கொம்பையா போனான், கரிசல் சரிந்தது" என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அட, கோலி போனால் கோல் விழும், சரி. முன்னால் ஓடுகிறவன் ஏன் பாதி மைதானத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்? அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டது எங்கள் முதலாளி ஒருவர்தான்.

வேலாயுதப்பெருமாள், கடலை மிட்டாய் வியாபாரம். ஊர்ப் பாசத்தில் ஹாக்கிக்குள் வந்தவர். மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்து, அரை மணி நேரம் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு மாஸ்டர் ஜெபராஜையும் என்னையும் கூப்பிட்டார்.

"ஜெபராஜ், எனக்கு ஹாக்கி தெரியாது. நொண்டுற மாடு தெரியும். பதினெட்டும் நொண்டுது. எதனால?"

"யாருக்கும் அடி கிடையாது மொதலாளி. எல்லா ஸ்கேன் படமும் எடுத்துப் பாத்தாச்சு."

"அப்ப இந்தப் பட்டையா? வல்லி, அது என்னதான் செய்யுதுன்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு தாயி. ரெண்டு வருஷமா தலையாட்டுதேன், ஒரு எழவும் புரியல."

சொன்னேன். "ஒருத்தனுக்கு முட்டில அடி படுதுன்னு வைங்க. அந்த வலி தண்டுவடம் வழியா மேல ஏறும்போது பட்டை அதைப் புடிச்சுக்கிடும். புடிச்சு, மத்த பதினேழு பேருக்கும் பிரிச்சு அனுப்பிரும். ஆளுக்கு ஒரு கட்டெறும்புக் கடி. அடி பட்டவன் அவன் பாட்டுக்கு ஓடலாம்."

"எதுக்கு அனுப்பணும்? அங்கயே அமுக்கிப்புட்டா?"

"அமுக்கிப் பாத்தாக. நரம்புக்குள்ளயே தேங்கி, ரெண்டு நாள் கழிச்சு மொத்தமா உடைச்சுக்கிட்டு வருது. மாத்திரை, ஊசின்னா ஊக்கமருந்துன்னு லீக்ல தூக்கிருவாக. வலி எங்கயும் காணாமப் போகாது மொதலாளி. ஏதோ ஒரு உடம்பு வாங்கித்தான் ஆகணும்."

"மத்த டீமும் இப்படித்தான் ஆளாளுக்குப் பிரிச்சுக்கிடுதா?"

மாஸ்டர் குறுக்கே வந்தார். "அவுகளுக்கு என்ன, கூலிக்கு ஆள் வச்சிருக்காக. ஸ்டேடியத்துக்குக் கீழ ஒரு ரூம். மழை இல்லாத ஊர்லருந்து கூட்டிக்கிட்டு வந்து உக்கார வச்சிருவாக. போன வருஷம் வெளியூர் மேட்ச்ல அந்தக் கதவு தெறந்து கெடந்துச்சு. நம்ம சுடலை அடிச்ச பந்து அவுக டிஃபென்டர் கணுக்கால் மொழியில பட்டுச்சு. அவன் சிரிச்சுக்கிட்டே ஓடுதான். உள்ள ஒரு பொம்பள முந்தானையைக் கடிச்சுக்கிட்டுக் கத்துதா. நம்ம டீம்ல அது நடக்காது மொதலாளி. நான் இருக்கற வரைக்கும் நடக்காது."

முதலாளி செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. "முதல் மேட்ச் ஜெயிங்க. தோத்தா டீமை வித்துருவேன், வடக்க ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவரு இந்தப் பயலுகளை வச்சுக்கிடுவாருன்னு என்னால சொல்ல முடியாது. ரூமுக்குள்ள ஆளை உக்கார வைக்கிறதுன்னா வையுங்க, நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பதினெட்டுப் பையன்களில் பதினைந்து பேர் வீட்டில் உலை கொதிப்பது இந்த அணியை நம்பித்தான். வேறு வேலை ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது, சின்ன வயதிலிருந்து கையில் ஸ்டிக்கைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை.

எங்கள் பக்கத்துப் பங்குக்கறி தெரியும்தானே? நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, வெட்டி, கறி எலும்பு ஈரல் எல்லாம் கலந்து கூறு போடுவார்கள். ஒருத்தன் திரும்பி நின்றுகொள்வான். இன்னொருத்தன் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். திரும்பி நிற்பவன் ஒரு பெயரைச் சொல்வான். சண்டை வராது. அன்றைக்கு ஊரில் இல்லாதவன் பெயரையும் சொல்வார்கள், அவன் கூறு வீடு தேடிப் போகும்.

எங்கள் பையன்கள் வலியையும் இப்படித்தான் கூறு போட்டுக்கொண்டார்கள். யாருடைய வலி, எவ்வளவு என்று யாரும் பார்க்கக் கூடாது. தெரிந்தால் முதலாளி காதுக்குப் போகும், அடி பட்டவனை வெளியே உட்கார வைப்பார்கள் என்ற பயம். அதனால் பட்டைகளை இயக்கும் மிஷினில் பெயர் காட்டுகிற பக்கத்தை மாஸ்டர் சொல்லி நானே மூடிவிட்டேன். மற்ற டீம் பிசியோக்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவளும் நான்தான். கூலி ரூம் வைத்திருக்கிற பாவிகளா, எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதலாளி போன அன்று மத்தியானம் எல்லாப் பையன்களையும் ஜிம் ஹாலில் உட்கார வைத்தேன்.

"எவன்ல அடியை மறைக்கிறது? மரியாதையா சொல்லிருங்க."

மிஷினைக் கையில் எடுத்தேன்.

"சரி. ஒவ்வொருத்தன் பட்டையிலயும் வலி வெளிய போற வழியை அணைச்சுக்கிட்டே வாரேன். எவனுதை அணைச்சதும் மத்தவனுக்கெல்லாம் லேசாகுதோ, அவன்தான் கள்ளன்."

முதலில் ரிச்சர்டுடையதை அணைத்தேன். அவனுக்கு ஒரு விரல் வீக்கம், அது அவனுக்கே திரும்பிப் போனது, "ஸ்ஸ்" என்றான். மற்றவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அடுத்தவனுக்குக் கணுக்கால். அதற்கடுத்தவனுக்கு ஒன்றுமே இல்லை, பல்வலி. சிரித்தார்கள். ஒருத்தன் பின் ஒருத்தனாக அணைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் கேப்டன் சுடலைமணி பாக்கி. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவனுடையதையும் அணைத்தேன்.

"அக்கா" என்றான் ரிச்சர்ட். "இன்னும் வலிக்குதுக்கா. அப்படியேதான் இருக்கு."

பதினெட்டுப் பேரிடமிருந்தும் எதுவும் வரவில்லை. ஆனால் பதினெட்டுப் பேருக்கும் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றுபோனது. சுடலைமணி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"கொம்பையா" என்றேன்.

"முட்டி வலிதானக்கா அவருக்கு? முட்டிக்கா இவ்வளவு?"

கொம்பையாவுக்கு விடை கொடுத்த அன்று ஆடு வெட்டிப் பங்கு போட்டோம். அன்றைக்குச் சுடலைமணி என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, அண்ணனுக்கு முட்டி போயிருச்சு. இனிமே வாட்டர் கேன் போட்டுப் பொழைக்கணும்னு சொல்லுதாரு. அவரு பட்டையை அணைக்காதீங்க. நாங்க வாங்கிக்கிடுதோம்" என்றான். கேட்டால் கொம்பையா ஒத்துக்கொள்ள மாட்டான், அத்தனை ரோஷக்காரன். அதனால் நான் அவன் பிடரியில் மிஷினை வைத்து, ஒரு பட்டனை அமுக்கி, "அணைச்சாச்சு கொம்பையா" என்று சொல்லி அனுப்பினேன். நான் அணைத்தது அவனுக்கு மற்றவர்கள் வலி போகிற வழியை. அவன் வலி இங்கே வருகிற வழியைத் திறந்தே விட்டேன். போன் சிக்னல் கிடைக்கிற இடமெல்லாம் அது வந்துகொண்டே இருக்கும். சட்டப்படி தப்புதான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

"கம்பெனிப் பட்டை ஒண்ணு என்கிட்ட இருக்குல" என்றேன். புதுப் பட்டைகளைச் சோதிப்பதற்காகக் கழுத்தில் ஒட்டிக்கொள்கிற ஒன்று. "பதினெட்டுப் பங்கையும் எனக்குத் திருப்புதேன். நான் கை தட்டினா உடனே பிடுங்கிரு."

"வேண்டாம்க்கா."

"முட்டியா இல்லையான்னு தெரியணும்ல."

திருப்பினேன்.

முட்டி இல்லை. முட்டி வலி எனக்குத் தெரியும், இருபது வருஷமாக அடுத்தவன் முட்டியோடு குடும்பம் நடத்துகிறேன். அது குத்தும், விடும், காலை நீட்டினால் அடங்கும். இது தொடைக்குள்ளே, இடுப்புக்குச் சற்றுக் கீழே, எலும்புக்கு நடுவிலிருந்து வந்தது. விடவே இல்லை. நான் குனிந்தேன், புரண்டேன், படுத்தேன், எப்படிக் கிடந்தாலும் அது அப்படியே இருந்தது. கை தட்ட வேண்டும் என்பதே மறந்துபோனது. சுடலைமணி தானாகப் பிடுங்கிப் போட்டான்.

தரையில் கிடந்தபடியே சொன்னேன். "தொடை எலும்புல. உள்ளருந்து வளருது."

"வளருதுன்னா?"

அவன் முகம் மாறியதிலிருந்து புரிந்துகொண்டான் என்று தெரிந்தது. காலேஜில் படித்தபோது புற்றுநோய் வார்டில் நான் வேலை பார்த்திருக்கிறேன். இந்த வலி வந்தவர்கள் முதல் மாதமே டாக்டரிடம் ஓடி வருவார்கள். ஓடி வர வைப்பதற்காகத்தான் அந்த வலி.

கொம்பையா ஓடி வரவில்லை. அவன் வலியைப் பதினெட்டாகக் கூறு போட்டு, திரும்பி நின்று, பெயர் பார்க்காமல் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம்.

"இப்பவே அணைச்சிருவமாக்கா?"

"அணைச்சா அத்தனையும் ஒரே நிமிஷத்துல அவன் மேல விழும். இந்நேரம் லோடு ஆட்டோவை ஓட்டிக்கிட்டு ரோட்டுல இருப்பான். வண்டியை எடு."

நாங்கள் போனபோது கொம்பையா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன். மெலிந்திருந்தான். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வாங்கக்கா! வாடா கேப்டன். ஏழு கோலாமே? வெளங்குமா? உங்களை டி.வி.ல திட்டினேனே, பாத்தீங்களா?"

பார்த்திருந்தோம். உள்ளூர்ச் சேனலில் உட்கார்ந்து, "இவனுகளுக்கு உடம்பு வணங்கல, ஒரு சுளுக்குன்னாலும் உக்காந்துக்கிடுதானுக" என்று விளாசியிருந்தான். பையன்கள் அதை ஹாலில் போட்டுப் பார்த்து, அண்ணன் குரலில் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு கை ஸ்டிக்கில், ஒரு கை இடுப்பில்.

"முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"முட்டியா? அதிசயம்க்கா. நீங்க பட்டையை அணைச்சதுலருந்து ஒரு வலி கெடையாது. ஆட்டத்தை விட்டதும் உடம்பே சரியாயிருச்சு. நூறு கேன் ஏத்துதேன், நூறு கேன் எறக்குதேன்." கேனை இறக்கி வைத்துவிட்டு அந்தக் காலாலேயே தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்துக் காட்டினான்.

அவன் மனைவி மாரிக்கனி காப்பி கொண்டு வந்தாள். "ஆளு எளைச்சுட்டே போறாகக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, வலியே இல்லாம எதுக்குப் போகணும்னு சண்டைக்கு வாராக. நீங்களாவது சொல்லுங்க."

"உட்காரு கொம்பையா" என்று சொல்லித் தொடையில் கை வைத்தேன். வேட்டிக்கு மேலேயே தெரிந்தது, உள்ளே ஒரு கட்டி. விரலால் அமுக்கினேன். அவன் மாரிக்கனியிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் நின்ற சுடலைமணி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தான்.

"பெரிய படம் ஒண்ணு எடுத்துருவோம். திருநெல்வேலிக்கு வா" என்றேன்.

"எதுக்குக்கா?"

"டீம் இன்சூரன்ஸுக்கு" என்று மறுபடியும் ஒரு பொய் சொன்னேன். பொய் எனக்கு அப்போது சரளமாக வந்துகொண்டிருந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். திரும்பியதும் நேராகக் கொம்பையாவிடம் கேட்டார்.

"எத்தனை மாசமா வலி?"

"வலியா? வலியே கெடையாது சார்."

"இல்லாம இருக்காதுங்க. இந்த அளவு வளர்ந்திருக்குன்னா ராத்திரி தூங்கவே விட்டிருக்காது. கதறியிருப்பீங்க. மறைக்காதீங்க, ஏன் முதல்லயே வரல? முதல்லயே வந்திருந்தா காலை வச்சுக்கிட்டே சரி பண்ணியிருக்கலாம். இப்ப இடுப்போட எடுக்கணும். நுரையீரல்லயும் ரெண்டு புள்ளி தெரியுது. என்னால உறுதி எதுவும் சொல்ல முடியல."

"சத்தியமா வலிக்கல சார்" என்றான் கொம்பையா, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிறவன் குரலில். "எம் புள்ள மேல சத்தியம். வலிச்சா வந்திருப்பேன்ல?"

டாக்டர் அவனை நம்பவில்லை. மாரிக்கனியும் நம்பவில்லை, "என்கிட்டயும் மறைச்சுட்டீகளே" என்று அவன் தோளில் அடித்து அழுதாள். செய்யாத குற்றத்துக்கு அவன் விழித்துக்கொண்டு நின்றான். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அவன் பொய் சொல்லல டாக்டர். அவனுக்கு வலிக்கல. அந்த வலி எங்ககிட்ட இருக்கு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சுடலைமணி, "நான்தான் கேட்டேன், அக்கா மேல தப்பில்ல" என்று நடுவில் நடுவில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஏல, மிஷினை வைத்தது யார் கை? மாரிக்கனி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கொம்பையா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அப்ப ஏழு கோலும் என்னாலதானா?"

"அதெல்லாம் இல்லண்ணே" என்றான் சுடலைமணி.

"நான் டி.வி.ல உக்காந்து உங்களை நாய் மாதிரி திட்டுதேன், நீங்க என் நோக்காட்டைச் சுமந்துக்கிட்டு ஓடுதீங்க. சொல்லியிருக்கலாம்லடா." பிறகு என் பக்கம் திரும்பினான். இப்போது கோபம். "ஏன்க்கா, என் வலியை அவனுகளுக்கு அனுப்பினீகளே, அவனுக வலியில ஒரு பங்கை எனக்கு அனுப்பினீகளா?"

"இல்ல. அனுப்பினா உனக்குத் தெரிஞ்சுரும்னு..."

"அப்ப நான் பங்காளி இல்ல. பிச்சைக்காரன். பதினாறு வருஷம் கோல்ல நின்னவனைப் பிச்சை வாங்க வச்சுட்டீக."

என் கைப்பையிலிருந்த மிஷினைக் காட்டினான்.

"அணைங்க" என்றான். "என்னுது என்கிட்ட வரட்டும்."

டாக்டர் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு தலையாட்டினார். அவனைக் கட்டிலில் படுக்க வைத்து, மிஷினைத் திறந்து, இந்த முறை உண்மையாகவே அணைத்தேன். பதினாறு வருஷம் பந்தை நெஞ்சிலும் முகத்திலும் வாங்கிச் சத்தம் போடாதவன் போட்ட அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

அதே நேரம் கோவில்பட்டியில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ரிச்சர்ட் எனக்குப் போன் போட்டான். "அக்கா, என்னக்கா செஞ்சீங்க? சட்டுனு எல்லாருக்கும் போயிருச்சு! எல்லாப் பயலும் பறக்கானுக. மாஸ்டர் டான்ஸ் ஆடுதாரு!" பின்னால் சிரிப்பும் விசிலும் கேட்டது. இந்தப் பக்கம் கதவு வழியே வந்த சத்தம் அவனுக்குக் கேட்காமல் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

சுடலைமணி திரும்பிப் போய்ச் சொன்னதும் பையன்கள் டர்ஃபிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். மறுநாள் ஒருத்தனும் ஸ்டிக்கைத் தொடவில்லை. வலியைத் திரும்ப எங்களுக்கே அனுப்புங்கள் என்று ஒரு கூட்டமே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றது. கொம்பையா படுக்கையில் இருந்தபடியே கத்தினான். "போங்கல! முதல் மேட்ச் தோத்துட்டு இங்க வந்தீங்க, ஒத்தைக் காலோட வந்து உதைப்பேன்." போனார்கள். போய் வெறி பிடித்த மாதிரி ஓடினார்கள் என்று மாஸ்டர் சொன்னார். எட்டாவது இடம் கொடுத்த டி.வி.க்காரர்கள் அதற்குள் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கொம்பையா என்னைத் தனியே கூப்பிட்டான். மருந்து மயக்கம் பாதி.

"அக்கா. கால் போகுது, சரி. என் வலி எனக்குப் போதும், அதை எவனுக்கும் அனுப்பாதீக. ஆனா சீசன்ல அவனுக வலியில ஒரு பங்கு எனக்கு அனுப்பணும். ஊர்ல இல்லாதவன் பங்கு வீட்டுக்கு வரும்ல, அந்த மாதிரி. அவனுகளுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு நீங்க பட்ட கடன் அது ஒண்ணுதான்."

"அனுப்புதேன்" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அன்று சாயங்காலமே டாக்டர், ஆபரேஷனுக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. காந்த மிஷினுக்குள் அனுப்பவேண்டும், உடம்பில் ஒரு உலோகத் துணுக்கும் இருக்கக் கூடாது என்று சொல்லி, அவன் மயக்கத்தில் இருக்கும்போதே பிடரியைக் கீறிப் பட்டையை எடுத்துவிட்டார். இன்னொன்று வைக்க முடியுமா என்று கேட்டேன். இந்த உடம்பு இனி ஒரு ஊசிக்குத்தைக்கூட வீணாகத் தாங்காது என்றார். எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கொம்பையா பிடரியைத் தடவினான். "இது என்னக்கா பிளாஸ்திரி?"

"பட்டையைச் சரி பண்ணினோம். பங்கு வரணும்ல."

முதல் மேட்ச் அன்று அணியோடு நான் போகவில்லை. கொம்பையா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனில் ஆட்டத்தை வைத்தேன். மாரிக்கனி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று கொம்பையா கண்ணை மூடிக்கொண்டான். "நீங்க பாருங்க. எனக்குப் பங்கு வரும், அது போதும்."

எங்கள் பையன்கள் ஆடினார்கள். கண் கொள்ளாத ஆட்டம். அரை மணி நேரத்திற்குள் இரண்டு கோல். முதலாளி கேலரியில் எழுந்து நின்று துண்டைச் சுழற்றியதைக் காட்டினார்கள். டீம் தப்பித்த மாதிரிதான். எதைக் கொடுத்துத் தப்பித்தது என்பது பக்கத்தில் படுத்திருந்தது. எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, போனை அணைக்கவும் மனசு வரவில்லை.

திடீரென்று கொம்பையா உடம்பை முறுக்கினான். கை போர்வைக்கு மேலே போய், கால் இருந்த இடத்தில், வெறும் மெத்தையைப் பிடித்தது.

"முட்டி" என்றான். "வலது முட்டில. நல்ல அடிக்கா."

டாக்டர் என்னிடமும் மாரிக்கனியிடமும் முன்னாலேயே சொல்லியிருந்தார். எடுத்த கால் சில நாள் வலிக்கும், இருக்கிற மாதிரியே வலிக்கும், பயப்படாதீர்கள் என்று. ஜன்னல் ஓரத்தில் மாரிக்கனியின் முதுகு அசைந்தது. அவள் திரும்பவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

கொம்பையா கண்ணைத் திறக்காமல் கேட்டான். "இது யாருக்கு விழுந்தது?"

திரையைப் பார்த்தேன். ஒருத்தனும் விழவில்லை. சுடலைமணி பந்தோடு வலது ஓரமாக முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

"சுடலைக்கு" என்றேன்.

"நெனைச்சேன். அவன் எப்பவும் வலது முட்டியைத்தான் குடுப்பான், கூமுட்டை." நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, ஆனால் சிரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, மெத்தையைப் பிடித்த கையை விடாமல், கொஞ்ச நேரம் அதைத் தாங்கினான். "எந்திரிச்சுட்டானாக்கா?"

"எந்திரிச்சுட்டான்."

"அது போதும். என் பங்கு வந்துருச்சு" என்றான்.

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். பட்டை இருந்த டப்பா என் கைப்பையில் கிடந்தது.